பதினாறு மீட்டரில் என் கணவர்

என் கணவர் தினமும் மாலை ஏழேகால் மணிக்குப் பதினைந்து நிமிடம் பேசுவார். என்னிடம் இல்லை. ஐரோப்பாவின் ஒரு தலைநகரில், அந்த நாட்டு வானொலியின் தமிழ்ப் பிரிவில் அவர் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் அதைக் கேட்பார்கள். மறுநாள் காலை நான் பஸ் பிடிக்கப் போகும்போது வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் யாராவது ஒரு மாமி நிமிர்ந்து பார்ப்பார்.

"நேத்திக்கு உங்காத்துக்காரர் கணீர்னு வாசிச்சார்டி. தினம் குரலைக் கேட்டுண்டிருக்கே, உனக்கென்ன குறை?"

நான் சிரித்துவிட்டுப் போவேன். என்ன குறை என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசிப்பேன். காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் பஸ்ஸில் கூட்டம் ஏறிவிடும், யோசனையும் போய்விடும்.

அவர் கப்பலேறியது ஐம்பத்தேழில். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை உள்ளூர்க் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷ ஒப்பந்தம் என்று கடிதம் வந்தது. நானும் போவதாகத்தான் முதலில் பேச்சு. ஆனால் மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். மாமனாருக்கு இவர் ஒரே பிள்ளை. அவரைத் தனியாக விட்டுவிட்டு இரண்டு பேரும் போவது என்பது யாருக்குமே வாயில் வரவில்லை. எனக்குத் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிக ஆய்வுக்கூடத்தில் வேலை. மூன்று வருஷம்தானே என்று இருந்துவிட்டேன்.

மாமனார் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. பிள்ளை போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர். காலையில் தளிகை முடித்து, அவருக்குச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு நான் போவேன். சாயங்காலம் திரும்பி வந்தால் அவர் கூடத்தில் ஈஸிசேரில் அதே இடத்தில் இருப்பார். "வந்தியா" என்பார். "வந்தேம்ப்பா" என்பேன். சில நாட்களில் அவ்வளவுதான் பேச்சு. ஏழு மணிக்கு ரேடியோவைத் திருப்புவேன். அதன் முகப்பில் கண் போலிருக்கும் பச்சை விளக்கு சூடாகித் திறந்துகொள்ளும் வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருப்போம்.

முதல் சில வாரங்கள் அவர் குரல் கிடைத்ததைவிடக் கிடைக்காததுதான் அதிகம். ஒரே செய்தியை மூன்று அலைவரிசையில் அனுப்புவார்கள். பதினாறு மீட்டரில் தேடுவேன், இரைச்சல். பத்தொன்பதுக்குத் தாவுவேன், ஏதோ பாட்டு. பதின்மூன்றுக்குப் போய்ப் பிடிப்பதற்குள் அவர் செய்தியை முடித்து வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்.  மாமனார் ஈஸிசேரின் துணியை விரலால் நீவிக்கொண்டிருப்பார். அந்த விரல்களைப் பார்க்க எனக்குச் சகிக்காது.

நான் பௌதிகம் படித்தவள். எந்த அலைவரிசையில் வரும் என்று முன்கூட்டியே ஏன் தெரிந்துகொள்ளக் கூடாது என்று ஒருநாள் தோன்றியது.

சிற்றலை நேராக வருவதில்லை. நம் தலைக்கு மேல் நூறு, இருநூறு மைல் உயரத்தில் வெயில் காற்றை மின்னேற்றி அடுக்கடுக்காக வைத்திருக்கிறது. அலை அதில் பட்டுத் திரும்பி, தரையில் பட்டு, மறுபடி மேலே போய், மூன்று நான்கு தாவலில் நம் வீட்டுக் கம்பிக்கு வந்து சேருகிறது. அதிர்வெண் கூடிப்போனால், அதாவது மீட்டர் குறைந்துபோனால், அந்த அடுக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும். அதிர்வெண் குறைந்துபோனால் வழியிலேயே உறிஞ்சப்பட்டுத் தேய்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்து நாளுக்கு நாள், மணிக்கு மணி நகரும். அது எங்கே இருக்கும் என்று கணிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கல்லூரி நூலகத்துக்கு டெல்லியிலிருந்து மாதாமாதம் ஒரு மெல்லிய புத்தகம் வரும். வரப்போகும் மாதங்களில் அந்த அடுக்குகள் எப்படி இருக்கும் என்று கோட்டுப் படங்களாகப் போட்டிருப்பார்கள். அதை யாரும் பிரித்ததில்லை. தாள்கள் வெட்டப்படாமல் ஒட்டிக்கொண்டே இருந்தன. நான் அடிக்கோலால் வெட்டிப் பிரித்தேன். டிரேசிங் பேப்பரில் உலகப்படத்தை நகலெடுத்து, திருச்சிக்கும் அந்தத் தலைநகருக்கும் நடுவில் பூமியின் வளைவோடு ஒரு கோடு போட்டேன். அரபிக்கடல், ஈரான், கருங்கடல் என்று அது வளைந்து போயிற்று. அலை முதலில் மோதும் இடத்துக்கும் கடைசியில் மோதும் இடத்துக்கும் இரண்டு புள்ளி வைத்தேன். அந்தத் தாளைப் படத்தின் மேல் நகர்த்தி, ஏழேகால் மணிக்கு அந்தப் புள்ளிகளில் என்ன எண் வருகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டில் சின்ன எண்ணை எடுத்து, அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கிற அலைவரிசையைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

அந்தக் கோட்டை முதன்முதலாகப் போட்ட சாயங்காலம் எனக்கு நினைவிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லை. பெண்கள் எல்லோரும் போய்விட்டார்கள். கோட்டின் இந்த முனையில் பென்சிலை வைத்துவிட்டு அந்த முனைவரைக்கும் மெதுவாக இழுத்துக்கொண்டு போனேன். அவ்வளவு தூரம் என்று அதுவரைக்கும் எனக்கு உறைக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து மாமனாரிடம் சொன்னேன். "இந்த மாசம் முழுக்கப் பதினாறு மீட்டர்லதான் வருவார்ப்பா."

"எப்படிச் சொல்றே?"

"கணக்குப் பண்ணினேன்."

அன்று ஏழு மணி பதினைந்துக்கு, முள்ளை நகர்த்தாமலே, பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல அவர் குரல் வந்தது. மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். செய்தி முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, "லைன் கிளியர்" என்றார். ரயிலை அடுத்த ஸ்டேஷனுக்கு அனுப்பலாம் என்பதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை. அதன் பிறகு தினமும் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு லைன் கிளியரா?" என்று கேட்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் பேச ஒரு விஷயம் கிடைத்தது.

பகல் இடைவேளையில் ஆய்வுக்கூடத்துத் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பி, வெள்ளைக் காகிதத்தில் பிம்பத்தை விழவைத்துப் புள்ளிகளை எண்ணுவேன். அந்த வருஷங்களில் சூரியனில் அம்மை போட்ட மாதிரி கரும்புள்ளிகள். புள்ளி அதிகமானால் மேலே மின்னேற்றமும் அதிகம், சிறிய மீட்டர்கள் நன்றாகக் கேட்கும். ஆனால் சில சமயம் சூரியனிலிருந்து ஏதோ சீறிக்கொண்டு கிளம்பும். நாலைந்து நாளைக்கு எல்லாம் குழம்பிக் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போலிருக்கும். சூரியன் தன்னைத்தானே சுற்றிவர இருபத்தேழு நாளாவதால், அந்தக் குழப்பம் பெரும்பாலும் இருபத்தேழு நாள் கழித்துத் திரும்ப வரும். நான் காலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டு வைப்பேன்.

"நட்சத்திரம் திரும்பி வர்ற மாதிரி" என்றார் மாமனார்.

"ஏறக்குறைய அப்படித்தான்ப்பா."

"அப்போ நீயும் பஞ்சாங்கம்தான் பாக்கறே" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

மொட்டை மாடியிலிருந்து கொல்லைத் தென்னைக்கு இழுத்துக் கட்டிய செம்புக் கம்பியில் குரங்குகள் ஊஞ்சலாடும். மாதம் ஒரு தடவையாவது அறுந்துவிடும். புடவையைச் செருகிக்கொண்டு நானே ஏறிக் கட்டுவேன். மாடியிலிருந்து பார்த்தால் கோபுரங்கள் தெரியும், தெற்கே மலைக்கோட்டை தெரியும். கீழே தெருவில் ஜனங்கள் சேவித்துவிட்டுக் கும்பல் கும்பலாகப் பேசிக்கொண்டு போவார்கள். கம்பியைக் கட்டி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் இறங்க மனசு வராமல் அங்கேயே நிற்பேன்.

குரல் தெளிவாக வர வர, அது எனக்காக இல்லை என்பதும் தெளிவாயிற்று. அவர் மந்திரிகளைப் பற்றியும் மாநாடுகளைப் பற்றியும் வெள்ளத்தைப் பற்றியும் வாசித்தார். அச்சுத் தமிழில், எழுத்துப் பிசகாமல். முதல் குளிர்காலத்தில் ஒருநாள் 'மந்திரி' என்பது 'பந்திரி' போல விழுந்தது. ஜலதோஷம் என்று கண்டுபிடித்துவிட்டேன். மிளகு கஷாயத்துக்குப் பக்குவம் எழுதி அன்றைக்கே தபாலில் போட்டேன். பதில் வருவதற்குள் மூன்று வாரம். 'எனக்கு ஜலதோஷம் வந்ததா? நினைவில்லை' என்று எழுதியிருந்தார். கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அவர் குரலில் ஒரு சின்ன வித்தியாசம் இருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும் என்று அன்று முதல் எனக்குள் ஒரு கர்வம். அந்தக் கர்வம் ஒன்றுதான் எனக்கே எனக்கு என்று இருந்தது.

மூன்று வருஷம் முடிந்தது. ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். ஒருமுறை லீவில் வந்தார். நாற்பது நாள், அதில் பாதி உறவுக்காரர்கள் வீட்டில் விருந்து. திரும்பிப் போன பிறகு மறுபடியும் நீட்டித்தார்கள். கடிதங்கள் வாரம் ஒன்று என்பது மாதம் ஒன்று ஆயிற்று. தினம் கேட்கிறாளே என்று அவர் நினைத்திருக்கலாம்.

இதற்கிடையில் சூரியனும் அடங்கிக்கொண்டு வந்தது. காகிதத்தில் விழும் பிம்பம் வாரக்கணக்கில் சுத்தமாக இருந்தது. பதின்மூன்று மீட்டர் செத்துப்போயிற்று. அடுத்த வருஷம் பதினாறும் போயிற்று. அவர் குரல் பத்தொன்பதுக்கு இறங்கி, இருபத்தைந்துக்கு இறங்கி, முப்பத்தொன்றில் நாலு நிலையங்களின் நெரிசலுக்கு நடுவில் ஒலித்தது. மாமனாருக்கும் தளர்ச்சி வந்துவிட்டது. மூச்சிரைப்பு. டாக்டர் இருதயம் வீங்கியிருக்கிறது என்றார். கூடத்திலிருந்து உள் அறைக்குக் கட்டிலை மாற்றிப் போட்டு, ரேடியோவையும் அங்கேயே கொண்டுபோய் வைத்தேன்.

"அவருக்கு எழுதட்டுமாப்பா?" என்று கேட்டேன்.

"எழுதி? ஓடி வருவான். அப்புறம் வேலை? வேண்டாம். எனக்குத்தான் தினம் வந்துண்டிருக்கானே."

அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு எழுதாமல் இருந்துவிட்டேன். அது சரியா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

அது அறுபத்து மூன்று, ஆவணி முடிகிற சமயம். முந்தின மாதம் ஒரு வாரம் எல்லாம் குழம்பிக் கிடந்தது. அதிலிருந்து இருபத்தேழு நாள் எண்ணிக் காலண்டரில் வட்டம் போட்டிருந்தேன். அந்த வட்டம் போட்ட நாளன்று காலையில் கஞ்சி கொடுக்கும்போது அவர் கேட்டார். "இன்னிக்கு லைன் கிளியரா?"

"சந்தேகம்தான்ப்பா. இந்த வாரம் முழுக்க நன்னா இருக்காது."

"சரி. அடுத்த வாரம் கேட்டுக்கலாம்."

அன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவர் போய்விட்டார். நான் லீவு போட்டுவிட்டு வீட்டில்தான் இருந்தேன். தண்ணீர் கேட்டார், கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

தெருக்காரர்கள் வந்து எல்லாம் செய்தார்கள். ஒருவர் என்னைத் தபாலாபீசுக்கு அழைத்துக்கொண்டு போனார். தந்தி வாசகத்தை நான்தான் எழுதினேன். அப்பா இன்று காலமானார் என்று மூன்றே வார்த்தை. தந்தி குமாஸ்தா அதை வாங்கிப் படித்துவிட்டு, "அவசரம்னு போட்டிருக்கேம்மா. ஆனா வெளிநாடு பாருங்க, நாளைக் காலையிலதான் போய்ச் சேருமோ என்னவோ" என்றார்.

மாமனாரின் தங்கை, நாங்கள் எல்லோரும் அத்தை என்று கூப்பிடுகிறவர், கும்பகோணத்திலிருந்து சாயங்காலம் வந்து சேர்ந்தார். இருட்டிவிட்டதால் மற்றது காலையில் என்று முடிவாயிற்று. பிள்ளைக்குப் பதிலாகத் தாயாதி ஒருவர் காரியம் செய்வதாக ஏற்பாடு. கூடத்தில் மாமனாரைத் தெற்கே தலை வைத்துக் கிடத்தி, தலைமாட்டில் விளக்கு வைத்திருந்தது. நான் மாற்று வேஷ்டி எடுக்க உள் அறைக்குப் போனேன். கடிகாரத்தில் ஏழு பத்து.

ரேடியோவைப் போட வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. ஆனால் கடிகாரத்தைப் பார்த்ததும் ஒன்று தோன்றிவிட்டது. வேறு யாராவது செய்தி வாசித்தால் தந்தி அவருக்குக் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அவரே வாசித்தால் கிடைக்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழி இல்லை. கதவை ஒருக்களித்து மூடிவிட்டு, குமிழைத் திருப்பி, சத்தத்தை முடிந்தவரை குறைத்து, ஒலிபெருக்கித் துணியில் காதை வைத்துக்கொண்டேன்.

நான் குழப்பம் என்று கணித்திருந்த மாலை அது. ஒரு கரகரப்பு இல்லை, ஒரு தேய்வு இல்லை. இத்தனை வருஷத்தில் அவ்வளவு தெளிவாக நான் கேட்டதே இல்லை. அவர்தான் வாசித்தார். ஏதோ ஒரு நாட்டில் தேர்தல். எங்கேயோ ஒரு சுரங்க விபத்து. அதே நிதானம், அதே கணீர். அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு பதினைந்து நிமிடமும் அந்தத் துணியில் முகத்தை வைத்தபடி நின்றேன். நான் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேன். காலையில் மாமனாரிடம், இன்று குரல் கேட்கும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சாயங்காலம் வரைக்கும் ஒரு எதிர்பார்ப்பாவது இருந்திருக்கும்.

செய்தி முடியும் சமயம் கதவு திறந்தது. அத்தை. குரலைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் பக்கத்தில் வந்து, தன் காதையும் ரேடியோவுக்கு அருகில் கொண்டுவந்தார்.

"அடப் பாவமே. குழந்தைக்கு இன்னும் தெரியலையேடி" என்றார்.

வணக்கம் சொல்லி முடித்தார். நான் அணைத்தேன். பச்சைக் கண் சுருங்கி மறைவதற்குள் அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அன்று முழுக்க எனக்கு வராத அழுகை அப்போதுதான் வந்தது.

மறுநாள் மாலை வேறொருவர் செய்தி வாசித்தார்.

என் கணவர் பம்பாய் வரை விமானத்திலும் பிறகு ரயிலிலுமாக வந்து சேர்ந்தபோது பதினோராம் நாள். எல்லாம் முடிந்து, பந்துக்கள் ஒவ்வொருவராகக் கிளம்பி, அத்தையும் கும்பகோணம் போன பிறகு, ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். நான் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்குக் கேட்டியா?" என்றார்.

"கேட்டேன். உங்களுக்குத் தந்தி வரலைன்னு தெரிஞ்சுண்டேன்."

அவர் தென்னைக்கு இழுத்துக் கட்டிய கம்பியைப் பார்த்தார்.

"வந்திருந்தது."

நான் மடிப்பதை நிறுத்தினேன்.

"உள்ளே போறதுக்கு அரை மணி முன்னாடியே வந்துடுத்து. சட்டைப் பையிலே வச்சுண்டுதான் வாசிச்சேன்."

"வேற ஆள் இல்லையா?"

"இருந்தார். நான் படிக்கறேன் உங்காத்துக்குப் போங்கோன்னுதான் சொன்னார்."

"பின்னே ஏன்?"

"வேற குரல் கேட்டா நீ பயந்துடுவேன்னு நினைச்சேன்." பிறகு தலையை ஆட்டினார். "இல்லை. அது பொய். வெளியிலே வந்து எங்கே போறது? அந்த ரூமுக்குத்தானே. அங்க யார்ட்டப் போய் அழறது? வாசிக்கற வரைக்கும் கையிலே காகிதம் இருந்தது, முன்னாடி மைக் இருந்தது. பதினஞ்சு நிமிஷம் தள்ளிப் போடலாமேன்னு."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அவர் மேலா என் மேலா என்று தெரியவில்லை. ஒரு ஜலதோஷத்தை ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து கண்டுபிடித்தவள், சட்டைப் பையில் அப்பாவின் சாவை வைத்துக்கொண்டு ஒருவர் பேசியதைத் துணியில் காதை ஒட்டிக்கொண்டு கேட்டும் தெரிந்துகொள்ளவில்லை.

"ஒரு எழுத்துகூடப் பிசகலையே நீங்க" என்றேன்.

"பிசகியிருக்கணுமா?"

"பிசகியிருந்தா நன்னா இருந்திருக்கும்."

 இருட்டும் வரை அங்கேயே இருந்தோம். அவ்வளவு வருஷமாக நான் இந்த முனையிலேயே உட்கார்ந்து எனக்கு யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறுமுனையில் ஒருவர் தினமும் ஒரு அறைக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார் என்பது என் கணக்கில் வரவே இல்லை.

ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. கூட வா என்று கூப்பிட்டார். கல்லூரியில் நடுவில் விட முடியாது என்றேன். அது பாதி நிஜம். வெறும் வீட்டில் தனியாக இருந்து பார்க்க வேண்டும் என்று ஏதோ ஒரு வீம்பும் இருந்தது. இருந்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. ஏழேகாலுக்குச் சில நாள் போட்டேன், சில நாள் போடவில்லை. கணிப்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

அறுபத்தைந்தில் அவர் மொத்தமாகத் திரும்பி வந்தார். ஸ்ரீரங்கத்துச் சித்திரை வெயிலில் காலுறை போட்டுக்கொண்டு, ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் திறப்பேன், அவர் சாத்துவார். சாப்பிட வாங்கோ, வரேன், ஆச்சா, ஆச்சு என்பதற்கு மேல் பேச்சு ஓடவில்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர் இருந்தும் எனக்குத் தனிமை குறையவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

ஒருநாள் டவுனுக்குத் துணி எடுக்கப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ் பாலத்து நடுவில் நின்றுவிட்டது. எஞ்சினில் ஏதோ கோளாறு. பாதிப் பேர் இறங்கி நடந்துவிட்டார்கள். எனக்குக் கால்வலி, அதனால் நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் அந்த ஊரில் தான் இருந்த அறையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கீழ் வீட்டுக்காரி வளர்த்த பூனையைப் பற்றி. முதல் வருஷம் அரிசி கிடைக்காமல் உருளைக்கிழங்கைத் தயிரில் பிசைந்து சாப்பிட்டதைப் பற்றி. கோர்வையாக இல்லை. நடுநடுவே நிறுத்தி, வார்த்தை தேடி, சொன்னதையே மறுபடி சொல்லி. பஸ்ஸில் மற்றவர்கள் இருந்ததால் மெதுவாகத்தான் பேசினார். பாதி எனக்குக் காதில் விழவில்லை.

"என்ன சொன்னேள்?" என்று நகர்ந்து உட்கார்ந்தேன்.

முதலிலிருந்து சொன்னார்.